கேட்டி டெய்லரின் சண்டைகளுக்கு நாமே மார்க் போட்டுப் பார்ப்பது எப்படி

25 வெற்றி, 1 தோல்வி. அயர்லாந்தின் கேட்டி டெய்லர் 2016 நவம்பரில் தொடங்கி 2025 ஜூலை வரை மோதிய தொழில்முறைச் சண்டைகளின் கணக்கு இவ்வளவுதான். பெண்கள் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் பலர் இந்த இரண்டு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். விடையை மட்டும் எழுதிவைக்கும் பிள்ளைக்கு நான் முழு மார்க் போட்டதில்லை. வழிமுறை எங்கேம்மா என்று கேட்பேன். கேட்டியின் விஷயத்தில் அந்த வழிமுறைதான் அழகு. அந்த 25-இல் சில வெற்றிகள் மயிரிழையில் வந்தவை. அந்த 1 கூட மயிரிழையில் போனதுதான்.

அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சண்டையை முழுதாகப் பார்த்து, ரவுண்ட் ரவுண்டாக மார்க் போட வேண்டும். நான் சில வருடங்களாக அப்படித்தான் பார்க்கிறேன். கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும்.

வேண்டியது ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும். ஒரு சண்டைக்கு ஒரு பக்கம். மேலே தேதி, ஊர், இருவரின் பெயர், எடைப்பிரிவு. கீழே பத்து வரிசை, இரண்டு பத்தி. ஓரத்தில் ரவுண்டுக்கு ஒரு சொல் எழுத இடம் விடுங்கள். "ஜாப்" (முன்னால் நீட்டிய கையால் வைக்கும் நேர்க்குத்து), "வயிறு", "கால் நின்றது", இப்படி ஏதாவது. மொத்தத்தைக் கூட்டும்போது எண்ணைவிட இந்தச் சொற்கள்தான் உதவும்.

அப்புறம், டிவியின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். வர்ணனையாளர் ஒருவர் பக்கம் சாய்ந்தால் நம் பென்சிலும் சாய்ந்துவிடும். கூட்டமோ இன்னும் மோசம். டப்ளினில் கேட்டி காற்றைக் குத்தினாலும் அரங்கம் அதிரும். நம் காது அதைக் குத்து விழுந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

இனி விதி. ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. தோற்றவர் ஒரு முறை கீழே விழுந்திருந்தால் 8. விழாமலேயே ரொம்ப அடி வாங்கியிருந்தாலும் நடுவர் 8 போடலாம், ஆனால் அபூர்வம். இருவரும் துல்லியமாகச் சமம் என்று தோன்றினால் 10-10 போட இடமுண்டு. நீங்கள் போடாதீர்கள். அது தப்பித்துக்கொள்ளும் வழி. ரிங்குக்குள் நிற்கும் ரெஃப்ரி தவறுக்காகப் பாயிண்ட் குறைத்தால் அதைத் தனியாகக் கழிக்க வேண்டும். ரிங்கைச் சுற்றி மூன்று பக்கம் மூன்று நடுவர்கள் உட்கார்ந்து தனித்தனியாக மார்க் போடுவார்கள். ஒரே குத்து ஒருவருக்கு முகத்தில் விழுந்ததாகத் தெரியும். இன்னொருவருக்கு நடுவில் முதுகு மறைக்கும்.

எதைப் பார்த்து மார்க் போடுவது? முகத்திலோ உடம்பிலோ சுத்தமாக விழுந்த குத்து முதலில். க்ளவுஸில் பட்டதையும் முழங்கையில் பட்டதையும் எண்ணாதீர்கள். அதில் இருவரும் கிட்டத்தட்ட சமமென்றால் மட்டும் மற்றதைப் பாருங்கள்: யார் முன்னேறி வந்து அதற்குப் பலன் பெற்றார், சண்டை யார் விருப்பப்பட்ட தூரத்தில் நடந்தது, யார் நன்றாகத் தப்பித்தார். முன்னால் நடந்துகொண்டே இருப்பது மட்டும் மார்க் ஆகாது. நான் ஆரம்பத்தில் செய்த பெரிய தப்பு அதுதான்.

மணி அடித்ததும் எழுதிவிடுங்கள். ஒரு நிமிட இடைவேளை இருக்கிறது, அது போதும். எழுதியதை அழிக்கக் கூடாது. 2023 மே மாதம் டப்ளின் சண்டையை நான் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏழாவது ரவுண்டில் இணையம் நின்றுவிட்டது. அந்த வரிசையைக் காலியாகவே விட்டேன். அடுத்த வாரம் மறுபடி பார்த்துத்தான் நிரப்பினேன். ஊகத்தில் நிரப்பினால் அது உங்கள் ஆசையின் மார்க் ஆகிவிடும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். பெண்கள் பட்டச் சண்டை 10 ரவுண்ட், ரவுண்டுக்கு 2 நிமிடம். மொத்தம் 20 நிமிடம். ஆண்களுக்கு 12 ரவுண்ட், 3 நிமிடம், ஆக 36. இரண்டு நிமிடத்தில் எதிராளியைப் படித்து, மூலைக்குத் தள்ளி, சாய்ப்பதற்குள் மணி அடித்துவிடும். நாக் அவுட் குறைவாக இருப்பதற்கும் முடிவுகள் நெருக்கமாக வருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். கேட்டியின் 25 வெற்றியில் 6 மட்டுமே நாக் அவுட். அதைக் காட்டி "குத்தில் பலமில்லை" என்பவர்கள் இந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய பெரும் போட்டியாளர் அமாண்டா செரானோ இதற்காகவே போராடினார். 2023 அக்டோபரில் ஆர்லாண்டோவில் 12 ரவுண்ட், 3 நிமிடம் என்று மோதிக்காட்டினார். அதை அனுமதிக்காத டபிள்யூபிசி அமைப்பின் பட்டத்தை அந்த டிசம்பரில் துறந்தும் விட்டார். என் கருத்தும் அவர் பக்கம்தான்.

சரி, எந்த வரிசையில் பார்ப்பது? எல்லோரும் 2012 ஒலிம்பிக்கிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன். காரணம் கடைசியில் வரும்.

கை பழக முதல் சண்டை: 2016 நவம்பர் 26, லண்டன் வெம்ப்ளி, எதிரே போலந்தின் கரினா கோப்பின்ஸ்கா. மூன்றாவது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்திவிடுகிறார். மார்க் போடுவது சுலபம் என்பதால் கேட்டியின் பழக்கங்களைப் படிக்க இதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாய்ந்து நான்கைந்து குத்தை மழை மாதிரி கொட்டிவிட்டு வெளியே போய்விடுவார். கை அவ்வளவு வேகம். ஆனால் அவரிடம் ஒரு குணம் உண்டு. யாராவது சீண்டினால் விலகிப்போகாமல் நின்று பதிலுக்குப் பதில் கொடுப்பார். தோல்விக்குப் பக்கத்தில் போன ஒவ்வொரு முறையும் அந்தக் குணம்தான் காரணம் என்பது என் நோட்டு சொல்லும் சேதி. அரங்கங்கள் நிரம்பியதற்கும் அதுவேதான் காரணம்.

அடுத்த மூன்றைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எடைப்பிரிவில் டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ, டபிள்யூபிசி என்று நான்கு அமைப்புகள் நான்கு பெல்ட் வைத்திருக்கின்றன. நான்கும் ஒருவர் இடுப்பில் இருந்தால்தான் மறுப்பில்லாத சாம்பியன். 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ லைட்வெயிட்டில் கேட்டி ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 2017 அக்டோபரில் கார்டிஃபில் அனாஹி சான்செஸை வென்று முதல் பெல்ட். 2018 ஏப்ரலில் புரூக்ளினில் விக்டோரியா புஸ்டோஸிடம் இரண்டாவது. 2019 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியாவில் ரோஸ் வோலாண்டேவிடம் மூன்றாவது. இரண்டரை வருடத்துக்குள் மூன்று.

நான்காவதில்தான் நோட்டு சூடாகும். 2019 ஜூன் 1, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே பெல்ஜியத்தில் போலீஸ் வேலை பார்த்த டெல்ஃபின் பெர்சூன். அழகாகக் குத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பெர்சூன் ஓயாமல் முன்னால் வந்துகொண்டே இருக்கிறார். கடைசி ரவுண்டுகளில் கேட்டியின் முகம் வீங்கிப்போயிருக்கிறது. நடுவர்கள் 95-95, 96-94, 96-94 என்று கேட்டிக்குக் கொடுத்தார்கள். பெர்சூன்தான் ஜெயித்தார் என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள். சத்தத்தோடு பார்த்த முதல் முறை நானும் பெர்சூனுக்கு 96-94 போட்டேன். ஒரு மாதம் கழித்துச் சத்தமில்லாமல் பார்த்தபோது 95-95 வந்தது. நடு ரவுண்டுகளில் பெர்சூன் வீசியதில் பாதி கேட்டியின் கையில்தான் விழுந்திருக்கிறது. நான் கேட்டியின் ரசிகை. இருந்தாலும் அன்று அவர் தெளிவாக வென்றார் என்று என்னால் எழுத முடியவில்லை. 2020 ஆகஸ்டில் அதே பெர்சூனோடு மறுபடி மோதி 98-93, 96-94, 96-94 என்று வென்ற சண்டையையும் அடுத்த நாளே பாருங்கள். அதில் சந்தேகம் குறைவு.

அந்த 98-93 உங்கள் கண்ணை உறுத்துகிறதா? உறுத்த வேண்டும். இங்கேதான் என் பிள்ளைகளுக்குப் பிடித்த கணக்கு வருகிறது. ரவுண்டுக்கு 10-ம் 9-ம் போட்டால் கூட்டுத்தொகை 19. பத்து ரவுண்டுக்கு 190. 96-94 கூட்டினால் 190, ஆறு ரவுண்டுக்கு நாலு. 97-93-உம் 190, ஏழுக்கு மூன்று. 98-93 கூட்டினால் 191. ஒன்று கூடுகிறது என்றால் அந்த நடுவர் ஒரு ரவுண்டைச் சமம் என்று 10-10 போட்டிருக்கிறார். 2021 மே மாதம் மான்செஸ்டரில் நட்டாஷா ஜோனஸுடன் நடந்த சண்டையில் இரண்டு நடுவர்கள் 96-95 போட்டார்கள். அதுவும் 191. 189 வந்தால் எங்கோ ஒரு 10-8 இருக்கிறது, இல்லை ரெஃப்ரி ஒரு பாயிண்டைப் பிடுங்கியிருக்கிறார். செய்தியில் வரும் மூன்று வரி எண்ணிலிருந்து சண்டையின் உள்ளே போக இந்த ஒரு கூட்டல் போதும்.

அதைச் சோதித்துப் பார்க்கச் சரியான சண்டை 2022 ஏப்ரல் 30-இல் செரானோவுடன் நடந்தது. மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்கள் சண்டை தலைமைச் சண்டையாக வந்தது அதுவே முதல் முறை. 19,187 பேர். நமக்கு அது ஞாயிறு காலை. இட்லி அடுப்பில் இருந்தது, யாரும் இறக்கவில்லை. செரானோ ஏழு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றவர். அவருடைய வழக்கமான இடம் 126 பவுண்டு. கேட்டிக்காக 135-க்கு ஏறி வந்தார். பக்கத்தின் மேலே எடையை எழுதச் சொன்னேனே, இதற்காகத்தான். சிறியவர் ஏறி வந்தாரா, பெரியவர் இறங்கி வந்தாரா என்பது தெரியாமல் குத்தின் பலத்தை எடைபோட முடியாது. முடிவு: இரண்டு நடுவர்கள் கேட்டிக்கு 97-93, 96-93; ஒருவர் செரானோவுக்கு 96-94. நடுவில் உள்ளதைக் கூட்டுங்கள், 189. யாரும் கீழே விழவில்லை, ரெஃப்ரி பாயிண்ட் குறைக்கவும் இல்லை. அப்படியென்றால் எந்த ரவுண்டில் 10-8? ஐந்தாவது ரவுண்டைப் பாருங்கள், கேட்க வேண்டியதே இருக்காது. செரானோ அவரைக் கயிற்றோரம் நிறுத்திவைத்து அடிக்கிறார். கேட்டியின் கால்கள் தள்ளாடுகின்றன.

என் அம்மாவுக்குக் குத்துச்சண்டை விதி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "இந்தப் பொண்ணு கால் நின்னுபோச்சுடி" என்றார். அன்றிலிருந்து நான் ரவுண்டின் கடைசி அரை நிமிடம் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆறாவது ரவுண்டில் கேட்டியின் கால் எப்படி மெல்லத் திரும்பி வருகிறது, எட்டிலிருந்து பத்து வரை எப்படி அவர் முன்னால் போகிறார் என்பதைக் கையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவார்கள். என் கணக்கு 96-94, கேட்டிக்கு.

அடுத்து ஒரே நாளில் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 மே 20, டப்ளின் த்ரீ அரீனா, எதிரே இங்கிலாந்தின் ஷான்டெல் கேமரன். தொழில்முறை வீராங்கனையாகக் கேட்டி சொந்த மண்ணில் மோதிய முதல் சண்டை. எடை 140 பவுண்டு, கேமரனின் சொந்த எடை. நமக்கு விடியற்காலை இரண்டரை மணிக்கு மேல். கேமரன் உடம்பால் நெருங்கி, தோளோடு தோள் உரச நின்று, கேட்டிக்கு வெளியேற இடமே கொடுக்கவில்லை. முடிவு 95-95, 96-94, 96-94, கேமரனுக்கு. நோட்டில் பெர்சூன் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதே மூன்று எண்கள். நியூயார்க்கில் அவரை நான்கு பெல்ட்டுக்கும் சொந்தக்காரி ஆக்கிய எண்கள்தான் டப்ளினில் அவருக்கு முதல் தோல்வியைக் கொடுத்தன. "25-1" என்று எழுதும்போது இது தெரியாது.

அவருக்கு அப்போது 36 வயது. ஓய்வு பெறுவார் என்றார்கள். ஆறு மாதம் கழித்து, நவம்பர் 25-இல், அதே அரங்கில், அதே எடையில் மறுபடி மோதினார். முதல் ரவுண்டில் அவர் நிற்கும் இடத்தை மட்டும் பாருங்கள். மே மாதம் கேமரன் நெருங்கும்வரை காத்திருந்தவர், நவம்பரில் நெருங்குவதற்கு முன்பே முதல் குத்தை வைக்கிறார். அப்புறம் தானே போய்க் கட்டிப்பிடித்துக் கேமரனின் கையை முடக்குகிறார். கட்டிப்பிடிப்பது அதிகம் என்று குறை சொன்னார்கள். எனக்கும் சில ரவுண்டுகளில் எரிச்சலாக இருந்தது. ஆனால் மே மாதம் தன்னைத் தோற்கடித்த அந்த நெருக்கத்தை அவர் அப்படித்தான் உடைத்தார். 98-92, 96-94, 95-95. இரண்டாவது எடைப்பிரிவிலும் நான்கு பெல்ட்.

2024 நவம்பர் 15, டெக்சாஸ் ஆர்லிங்டன், மறுபடி செரானோ. மைக் டைசன், ஜேக் பால் சண்டைக்கு முன்னால் நடந்தது, நெட்ஃப்ளிக்ஸில் நேரலை. என்னைக் கேட்டால் அன்றைய ஒரே உண்மையான சண்டை இதுதான். மூன்று நடுவர்களும் கேட்டிக்கு 95-94. கூட்டுங்கள், 189. இந்தத் தடவை காரணம் வேறு. தலையால் இடித்ததற்காக எட்டாவது ரவுண்டில் ரெஃப்ரி கேட்டியிடமிருந்து ஒரு பாயிண்ட் குறைத்தார். அதைத் திருப்பிச் சேர்த்தால் 96-94. செரானோவின் வலது கண்ணுக்கு மேலே ஆழமான வெட்டு, ரத்தம் நிற்கவே இல்லை. தலைகள் ஏன் இவ்வளவு மோதின? கேட்டி இடது காலை முன்னால் வைத்து நிற்பவர். செரானோ இடதுகைக்காரர், வலது காலை முன்னால் வைப்பார். இருவரின் முன்னங்கால்களும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், தலைகளும் ஒரே கோட்டில் வரும். இப்படி ஜோடி சேர்ந்தால் தலை இடிப்பது சகஜம். வேண்டுமென்றே இடித்தாரா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் சண்டை. என் கார்டில் அன்று செரானோதான் 95-94 என்று முன்னால் இருந்தார். எழுதியதை அழிக்கவில்லை.

மூன்றாவது செரானோ சண்டை 2025 ஜூலை 11, மறுபடி மாடிசன் ஸ்கொயர் கார்டன், அன்று முழுக்கப் பெண்கள் சண்டைகள் மட்டுமே. 39 வயதான கேட்டி, நான் மேலே சொன்ன அந்தக் குணத்தை அன்று கட்டிப்போட்டார். சீண்டினாலும் நிற்கவில்லை. ஓரடி பின்னால் போய், செரானோ எட்டிக் குத்தித் தவறும்போது உள்ளே வந்து வைத்தார். 97-93, 97-93, 95-95. பரபரப்பு குறைவுதான். மார்க் போட மிகக் கடினமானதும் இதுவே, ஏனென்றால் ஒரு ரவுண்டுக்கு ஐந்தாறு நல்ல குத்துதான் விழுகிறது. முதல் நாளில் இதை எடுக்காதீர்கள்.

இவ்வளவும் முடிந்ததும் பின்னோக்கிப் போங்கள். அயர்லாந்தின் ப்ரே என்ற கடலோர ஊரில் 1986-இல் பிறந்தவர் கேட்டி. அப்பா பீட் முன்னாள் வீரர், அந்த வருடங்களில் மகளுக்கு அவரே கோச். 2001 அக்டோபர் 31-இல் டப்ளின் நேஷனல் ஸ்டேடியத்தில் அயர்லாந்தின் முதல் அதிகாரபூர்வப் பெண்கள் சண்டையில் ஏறியபோது வயது 15. 2006-இல் அவருடைய முதல் உலகப் பட்டம் வந்தது நம் டெல்லியில். மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, லேகா என்று நான்கு இந்தியப் பெண்கள் தங்கம் வென்ற அதே போட்டி. 2014 வரை தொடர்ந்து ஐந்து உலகத் தங்கம். 2012 வரை அமெச்சூர் சண்டையில் குத்தை ஒவ்வொன்றாக எண்ணிக் கணினியில் அழுத்துவார்கள், ரவுண்டுக்கு 10-9 என்ற கணக்கு கிடையாது. அதனால் அந்தச் சண்டைகளுக்கு நம் நோட்டு பயன்படாது.

அதனால்தான் லண்டனைக் கடைசிக்கு வைத்தேன். 2012 ஆகஸ்ட் 9, ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக வந்த வருடம், 60 கிலோ இறுதிப் போட்டி, எதிரே ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகாவா. நோட்டை மூடி வையுங்கள், பென்சிலைக் கீழே போடுங்கள். டிவி சத்தத்தை முழுதாக ஏற்றுங்கள்.

முதல் நாள் மேரி கோம் அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலத்தோடு நின்றிருந்தார். அந்த வருத்தத்தில் மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் சும்மா டிவி போட்டேன். எனக்கு அயர்லாந்து எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும், இந்தப் பெண் யாரென்று தெரியாது. அரங்கம் முழுக்கப் பச்சை நிறம். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த விளையாட்டிலும் கேட்டதில்லை. நான்கு ரவுண்ட், எட்டு நிமிடம், குத்துக் கணக்கு 10-8. முடிவைச் சொல்லக் காத்திருந்த அந்தச் சில நொடிகளில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து, "என்னடி ஆச்சு, யாரு ஜெயிச்சா?" என்றார். இன்னும் சொல்லலம்மா, உட்காரு என்றேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.